கடைசிப் பத்து நிமிஷம்

ராய்ப்பூர்,
29.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

செழியன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உன் தொண்டையும் மாமாவின் பொறுமையும் எப்படி இருக்கின்றன?

மழை விட்டுவிட்டதால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் மறுபடி காட்டுக்குக் கிளம்பிவிட்டன. டீசல், ஆள், சாப்பாடு என்று பகலெல்லாம் போனில் கத்திக்கொண்டே இருக்கிறேன். இப்படியே போனால் என் குரலும் போய்விடும். அப்புறம் நம் குடும்பத்தில் பேசுவதற்கு ஆளே இருக்காது.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். டிசம்பர் திரைப்பட விழா அறிவிப்பு வந்துவிட்டது. தொடக்கப் படம் யாருடையது தெரியுமா? நம் குதிரைக்காரம்மாவுடையது! பெயரை வாயில் நுழைக்க முடியாமல் நாம் வைத்த பட்டம் அந்த வெளிநாட்டு டைரக்டர் அம்மாளுக்குத் தெரிந்தால் சென்னைப் பக்கமே வரமாட்டாள். அவளுடைய பழைய படங்கள் மூன்றும் இப்போது வீட்டு டி.வி.யிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. உன் மகள் தீபிகா போட்டுக் கொடுத்தாளே, அதே ஆப்பில்தான்.

இந்த வருஷம் உன்னால் விழாவுக்கு வரமுடியாது என்று மாமா சொன்னார். அதனால் என்ன? விழா தொடங்குமுன் நாம் வீட்டிலேயே ஒரு விழா நடத்துவோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. நீ சேலம் ஃபேர்லேண்ட்ஸில், நான் இந்த அறையில். ஒரே படம்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. அந்த மூன்று படத்திலும் கடைசிப் பத்து நிமிஷத்தை நான் பார்த்ததே இல்லை. படம் முடிவதற்குள் எழுந்து ஓடி, அடுத்த அரங்கின் வரிசையில் நின்று, கதவைத் திறந்ததும் கர்சீப் போட்டு உனக்கு இடம் பிடிப்பது என் வேலை. கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எனக்கு முடிவைச் சொல்வது உன் வேலை. உன் முழங்கால் ஓடாது, என் கால் ஓரிடத்தில் நிற்காது. நல்ல கூட்டு வியாபாரம். இத்தனை வருஷம் விழாவுக்குப் போயும் பாதிப் படத்தை நான் உன் வாயால்தான் பார்த்திருக்கிறேன் என்றால் யாராவது நம்புவார்களா?

குதிரைப் படத்திலிருந்து ஆரம்பிப்போம்.

உன் அன்புத் தம்பி,
செழியன்

~

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்,
8.10.2024

என் சாமி செழியனுக்கு,

அக்கா அன்புச்செல்வி எழுதுவது. கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். பேப்பர் என்றால் நாலு வரி எழுத வேண்டியிருக்கிறதல்லவா? இந்த ஊமைக் காலம் முடியும்வரை இப்படியே எழுது.

தையல் பிரித்த இடம் ஆறிவிட்டது. குரல்வளையில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது, இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்கிறார் டாக்டர். நவம்பர் கடைசியில் மறுபடி சோதனை. எழுதிக் காட்டுவதற்கு மாமா ஒரு ஸ்லேட்டு வாங்கி வந்திருக்கிறார். நான் எழுதிக் காட்டினால் அவரும் அதை வாங்கிப் பதிலை எழுதிக் காட்டுகிறார்! எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவருக்கு நேற்றுத்தான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் சத்தமில்லாமல் சிரித்தேன், வயிறு வலித்தது.

நாமகிரிப்பேட்டையிலிருந்து பெரியம்மா வந்து போனாள். வழக்கம்போல உனக்குப் பெண் பார்க்கிற பேச்சு. நாற்பத்திரண்டு வயசுக்கு மேல் இனி யார் கொடுப்பார்கள் என்று அவளே கேட்டு, அவளே அழுதுவிட்டு, முறுக்கைக் கட்டிக்கொண்டு போனாள்.

படம் பார்க்கும் யோசனை நல்லதுதான். ஆனால் பார்த்ததையே எதற்குப் பார்ப்பது? கதையெல்லாம் உனக்குத் தெரியும், முடிவும் தெரியும். அந்த ஆப்பில் புதுப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. கொரியாப் படம், ஜப்பான் படம் என்று ஏதாவது புதிதாகப் பார்ப்போமே. குதிரைக்காரம்மாவை விட்டுவிடு. நல்ல படத்தை ஒரு தடவைதான் பார்க்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

அன்புடன்,
அக்கா

~

ராய்ப்பூர்,
21.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ வேண்டாம் என்று எழுதியும் நேற்று குதிரைப் படத்தைப் பார்த்துவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிற தம்பி உனக்கு வாய்க்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். பனியில் தொலைந்த குதிரையைத் தேடிக் கிழவர் ஊர் ஊராகப் போகிறாரே, கடைசியில் அவர் தோற்றுப்போய் வீடு திரும்பியதும் விடியற்காலையில் குதிரை தானாகவே வந்து கொட்டகைக் கதவை மூக்கால் முட்டும் என்று நீ சொன்னாய். அந்த மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு வரும் என்றுகூடச் சொன்னாய். வரிசையில் நமக்குப் பின்னால் நின்ற ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார், ஞாபகம் இருக்கிறதா?

நேற்று நான் பார்த்தபோது குதிரை வரவில்லை, அக்கா. பனி உருகியதும் பாலத்துக்கடியில் அது செத்துக் கிடக்கிறது. கிழவர் தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்துகிறார். அதோடு முடிந்தது.

நீ அன்றைக்கு அசதியில் தூங்கிவிட்டு, கேட்டவனுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டாயா? மரியாதையாக ஒப்புக்கொள். அடுத்த ஞாயிறு எனக்கு லீவு இல்லை. அதற்கடுத்த வாரம் சாவிப் படமும் பஸ் படமும் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
செழியன்

~

ஃபேர்லேண்ட்ஸ்,
29.10.2024

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி வாழ்த்துகள். இந்த வருஷமும் நீ வரவில்லை. ரிக்காரனுக்குத் தீபாவளி ஏது, பொங்கல் ஏது! சட்டைத்துணி அனுப்பியிருக்கிறேன். அங்கே நல்ல தையல்காரனாகப் பார்த்துக் கொடு.

குதிரையைப் பற்றி இவ்வளவு விசாரணையா? விழாவுக்கு அனுப்புகிற பிரதி வேறு, அப்புறம் வியாபாரத்துக்கு விடுகிறது வேறு என்று நீதானே ஒரு தடவை சொன்னாய்? அப்படி ஏதாவது இருக்கும். இல்லையென்றால் எனக்கு மறதி. பத்து வருஷத்துக்கு முந்திய குதிரை எங்கே போனால் என்ன?

மற்ற இரண்டையும் பார்க்காதே, சாமி. சொன்னால் கேள். நான் சொன்னதே உனக்குப் போதும்.

அக்கா

~

ராய்ப்பூர்,
11.11.2024

அக்காவுக்கு,

இரண்டையும் பார்த்துவிட்டேன்.

சாவிப் படத்தில் அந்த அக்கா தங்கை இரண்டு பேரும் தாய்வீட்டை விற்காமல் சாவியைக் கிணற்றில் போடுவார்கள் என்று சொன்னாய். விற்றுவிடுகிறார்கள். வாசலில் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பஸ் படத்தில் அந்த டிரைவர் அப்பா, கடைசி நாளன்று மகன் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார் என்று சொன்னாய். அப்படி எதுவும் இல்லை. கடைசி ஸ்டாப்பில் அவர் இறங்கி நடக்கிறார். மகன் கூப்பிடுகிறான். அவர் திரும்பவே இல்லை.

மூன்றும் மறதியா, அக்கா? மூன்றுக்கும் வேறு பிரதியா? மறதி ஒரு குதிரையைக் கொண்டுவந்து கதவை முட்டவைக்காது. நீயே உண்டாக்கிச் சொல்லியிருக்கிறாய். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன்.

படத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். பஸ் படத்தை அணைத்த பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. எனக்கு நம் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதுகிறேன். படிப்பைப் பாதியில் விட்டுச் சினிமா எடுக்கப் போகிறேன் என்று சென்னைக்கு ஓடினேன். ஏழு வருஷம் அடுத்தவன் படத்துக்கு எடுபிடி வேலை பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் நாமகிரிப்பேட்டைக்குத் திரும்பி வந்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு போடும்போதுகூட "அவனுக்குப் போடு" என்று அம்மாவிடம்தான் சொல்வார். அம்மா போன பிறகு அந்த ஒரு வார்த்தையும் நின்றுபோனது. ஒரே கூரைக்கடியில் மூன்று வருஷம். அப்புறம் சேலம் ஆஸ்பத்திரி.

அன்றைக்கும் நீ உட்கார்ந்தாய், நான் ஓடினேன். "ஓடு சாமி, அப்பனுக்கு ரத்தம் வேணுங்கறாங்க, ஆட்டையாம்பட்டி போயிக் காளியப்பனைக் கூட்டியா. நானு இங்க இருக்கறன்" என்றாய். என் சிநேகிதனான அவனுக்கும் அப்பாவுக்கும் ஒரே வகை ரத்தம் என்பது ஊருக்கே தெரியும். அவன் தறிக்குடோனிலிருந்து வந்து, குளித்து, சட்டை மாற்றிக் கிளம்புவதற்குள் நேரமாகிவிட்டது. நாங்கள் வந்தபோது அப்பா இல்லை. நீ வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அப்பா கண்ணைத் திறந்து, "செழியன் படம் எப்ப வருது?" என்று கேட்டார் என்று.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன், அக்கா. வேலையில் திட்டு வாங்கினாலும், தனியாகப் படுத்தாலும், அப்பா என் படத்தைக் கேட்டார் என்று நினைத்துக்கொள்வேன். நீ சொல்லும் முடிவுகள் எல்லாவற்றையும்விட அழகான முடிவு அதுதான். அதனால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அது நிஜமா? அதுவும் கதவை முட்டிய குதிரையா?

இது ஒன்றுக்கு மட்டும் உள்ளதை உள்ளபடி எழுது.

செழியன்

~

ஃபேர்லேண்ட்ஸ்,
19.11.2024

என் செழியனுக்கு,

உன் கடிதத்தை மாமாதான் வாங்கிவந்து கொடுத்தார். படித்துவிட்டு நான் அழுததைப் பார்த்துத் தொண்டை வலியோ என்று மாத்திரை எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன்.

முதலில் படங்களைப் பற்றி. குதிரை செத்துத்தான் போனது. நான் தூங்கவில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன். நீ சென்னையை விட்டுவிட்டு வந்த பிறகு நாம் போன முதல் விழா அது. வெளியே வந்தால் நீ வரிசையில் நின்றிருந்தாய். சட்டையெல்லாம் வேர்வை. என்னைக் கண்டதும் எட்டிப் பார்த்து, "அக்கா, கடசீல குதிரை கெடச்சுதா?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அந்த முகத்தில் உயிரே இல்லை. அன்றைக்குத்தான் கொஞ்சம் வந்திருந்தது. செத்துப்போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. கிடைத்தது என்றேன். அப்புறம் அதுவே பழகிப்போனது. ஒவ்வொரு படத்திலும் கடைசியில் விளக்குப் போட்டதும், இதைச் செழியனுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் நினைப்பேன்.

இனி அப்பா.

அப்பா கேட்டது நிஜம். என் பெண்மேல் ஆணை. அதில் நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. சொல்லப்போனால் குறைத்துத்தான் சொன்னேன். "செழியன் படம் எப்ப வருது?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தீவாளிக்கு வருதுங்கப்பா" என்றேன். "எனக்கொரு டிக்கெட்டு எடுத்து வெக்கச் சொல்லு" என்றார். அப்புறம் பேசவில்லை. அவரிடம் நான் பொய் சொன்னது உனக்குத் தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்று டிக்கெட் கேட்டதை மறைத்தேன்.

உள்ளதை உள்ளபடி எழுது என்றாய். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

யாரும் ரத்தம் கேட்கவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை, கூட இருங்கள் என்று டாக்டர் காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். நீ கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உன்னைப் பார்க்காமலே, ஒரு வார்த்தை பேசாமலே உன் கண்ணெதிரில் போய்விடுவார், அந்தக் காட்சியை நீ சாகும்வரை சுமப்பாய் என்று பயந்தேன். இவன் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். நீ போன கொஞ்ச நேரத்தில் அவர் இந்தப் பக்கம் திரும்பினார். உன்னைத்தான் தேடினார்.

அவர் திரும்புவார் என்று எனக்குத் தெரியாது, சாமி. தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பேனா?

உன் அக்கா,
அன்புச்செல்வி

~

ஃபேர்லேண்ட்ஸ்,
5.12.2024

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மாமா போன் செய்தபோது வேலை அதிகம் என்றாயாம். சரி.

விழாவுக்குச் சென்னை போவாய் என்று நினைக்கிறேன். போ. எனக்காக நிற்காதே. போர்வை எடுத்துக்கொள், அரங்குக்குள் ஏ.சி. குளிரும், உனக்குச் சளி பிடிக்கும்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். சோதனை முடிந்து போன வாரம் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மாமாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த மாமா வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, ஸ்லேட்டை எடுத்து, "எல்லாம் நார்மல்" என்று எழுதிக் காட்டினார். எனக்குக் காது கேட்கும் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் ஸ்லேட்டைத் தொட்டதே இல்லை. இதை மட்டும் ஏன் எழுதிக் காட்டினார், செழியா? வாயால் சொல்ல வரவில்லையா?

உன்னிடம் சொல்லியிருப்பார். என்னிடம் மாற்றாமல் சொல்லு. கேட்க எனக்கு முகமில்லைதான். ஆனாலும் உன்னைவிட்டால் நான் யாரைக் கேட்பேன்?

அக்கா

~

சென்னை,
15.12.2024

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் என் பையில்தான் இருக்கின்றன. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமும் நான் பிந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிந்தவில்லை. நீ அனுப்பிவிட்டாய். அப்பா திரும்பிப் பார்த்தபோது நான் ஆட்டையாம்பட்டியில் ஒருவன் குளித்து முடிப்பதற்காகக் காத்திருந்தேன். உனக்குப் பதிலாக அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாதா? படம் எதுவும் இல்லைங்கப்பா, தோத்துட்டேன் என்று சொல்லியிருப்பேன். அவர் திட்டியிருந்தாலும் அது என்னுடையது.

சட்டை மாற்ற நேரம் எடுத்தான் என்று காளியப்பனோடு பேசுவதையே விட்டேன். அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது, போகவில்லை. முந்தாநாள் அவனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "சொல்லு மாப்ள, யாருக்குப்பா ரத்தம்?" என்றான். நான் தெருவில் நின்று அழுதேன்.

குதிரைக்காரம்மாவின் புதுப் படத்தைப் பார்த்தேன். முடிகிற நேரத்தில் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். என் காலும் எழுந்தது. உட்கார்ந்துவிட்டேன். கேள். தனியாக இருக்கும் கிழவி ஒருத்தி, ஊரைவிட்டுப் போன சிநேகிதி வருவாள் என்று கதவைப் பூட்டாமல், அடுப்பில் சூப்பை வைத்துக்கொண்டு குளிர்காலம் பூராவும் காத்திருக்கிறாள். சிநேகிதி வரவில்லை. கிழவி அடுப்பை அணைக்கிறாள். கதவைப் பூட்டுகிறாள். அவ்வளவுதான். நான் எதையும் மாற்றவில்லை.

விளக்குப் போட்டதும் இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. கதவை யாரோ தட்டினார்கள் என்று எழுதிவிடலாமா என்று இருந்தது. இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

இனி நீ கேட்டது. மாமாவிடம் பேசினேன். சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவர்மேல் கோபப்படாதே, போனில் குழந்தை மாதிரி அழுதார்.

அக்கா, கட்டி திரும்பி வந்திருக்கிறது. நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. இனி ஆபரேஷன் கிடையாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எவ்வளவு காலம் என்று கேட்க மாமாவுக்குத் தைரியம் வரவில்லை. உனக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நாம் சேர்ந்து போய்க் கேட்போம். வேண்டாமென்றால் வேண்டாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். அது நீ சொல்லும் முடிவு மாதிரியே இருந்தது. அடித்துவிட்டேன். இன்னும் வலிக்கிறது. உன்மேல் கோபமும் இருக்கிறது, உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பதும் இருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.

விழா பாஸை இங்கே ஒரு காலேஜ் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். கம்பெனியில் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு, ராய்ப்பூர் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, இந்த வாரக் கடைசியில் அங்கே இருப்பேன். நீ பேச வேண்டாம். நான் பேசுகிறேன், நீ ஸ்லேட்டில் திட்டு.

ஒன்று மட்டும், அக்கா. இந்தத் தடவை ரத்தம், மாத்திரை, இளநீர் என்று எதற்கும் என்னை வெளியே அனுப்பாதே. ஓடுவதற்குக் காளியப்பன் இருக்கிறான். நான் உட்கார்ந்திருப்பேன்.

உன் தம்பி,
செழியன்